பிரேக் கேலிப்பர் போல்ட் துருப்பிடித்து இறுகாமல் காப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரேக் பேடு மாற்றுவது ஒரு சக்கரத்துக்கு அரை மணி நேர வேலை. பேடுகளை டிஸ்கில் அழுத்தும் கேலிப்பரின் போல்ட் இறுகிக்கிடந்தால் அதே வேலை ஒரு முழு நாளையும் ஒரு லேத் பட்டறையையும் விழுங்கிவிடும். நான் மெக்கானிக் அல்ல. தூத்துக்குடியில், உப்பளக் காற்றிலேயே கார் வைத்திருந்து, அதன் பிரேக்கைப் பல வருடங்களாக நானே பார்த்துக்கொள்பவன். சொந்தக்காரர்களும் தெருவில் உள்ளவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளைக் கீழே சேர்த்திருக்கிறேன். பதில்களில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு: போல்ட் இறுகுவதும் இறுகாததும் அதை மாட்டுகிற அன்றே முடிவாகிவிடுகிறது. கழற்றும் அன்று நாம் படுகிற பாடு அதன் பலன்தான்.

கேலிப்பர் போல்ட் என்று எதைச் சொல்கிறீர்கள்? அங்கே நாலைந்து போல்ட் இருக்கிறதே?

இதில்தான் குழப்பமே தொடங்குகிறது. நம் ஊரில் ஓடும் பெரும்பாலான கார்களின் முன் சக்கரத்தில் இருப்பது மிதக்கும் வகைக் கேலிப்பர். பிஸ்டன் ஒரு பக்கம் மட்டும் இருக்கும். அது உள்பக்கப் பேடை டிஸ்கில் அழுத்தியதும் கேலிப்பர் உடம்பு முழுவதும் வழுக்கி நகர்ந்து, வெளிப்பக்கப் பேடையும் இழுத்து அழுத்தும். இந்த ஏற்பாட்டில் மூன்று தனித்தனி உருப்படிகள் இருக்கின்றன.

முதலாவது, பிராக்கெட் போல்ட். கேலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டை, சக்கரத்தைத் தாங்கும் நக்கிள் என்ற பாகத்தோடு பிடிக்கும் இரண்டு பெரிய போல்ட்டுகள். பிரேக் போடும்போது வரும் விசை முழுவதும் இவற்றின் வழியாகத்தான் வண்டிக்குப் போகிறது. இரண்டாவது, வழுக்கும் பின். ஒரு கேலிப்பருக்கு இரண்டு. இவை பூட் என்ற ரப்பர் மூடிக்குள் ஒளிந்திருக்கும், நகர்ந்துகொண்டே இருக்க வேண்டியவை. மூன்றாவது, கேலிப்பர் உடம்பை அந்தப் பின்னோடு சேர்க்கும் சின்ன போல்ட். பேடு மாற்றும்போது நாம் முதலில் கழற்றுவது இதைத்தான். சில கார்களில் பின்னும் இந்த போல்ட்டும் ஒரே உருப்படியாகவே இருக்கும்.

மூன்றுக்கும் வேலை வேறு, ஆகவே மருந்தும் வேறு. ஒரே டப்பாவிலிருந்து மூன்றுக்கும் எடுத்துப் பூசுவதால்தான் பாதி விபரீதங்கள் நடக்கின்றன.

எஃகு போல்ட்தானே, ஏன் இப்படிச் சிமென்ட் போட்டதுபோல் பிடித்துக்கொள்கிறது?

மரையின் இடைவெளி மயிரிழை அளவு. அதற்குள் தண்ணீர் தானாகவே உறிஞ்சப்பட்டு ஏறும், ஆனால் எளிதில் காயாது. இரும்பு, தண்ணீர், காற்று மூன்றும் சேர்ந்தால் துரு. அந்தத் துரு, அது தின்ற இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தைக் கேட்கும். மரைக்குள் அவ்வளவு இடம் ஏது? அதனால் இரண்டு பக்க உலோகத்தையும் நெருக்கி ஆப்பு வைத்ததுபோல் உட்கார்ந்துகொள்கிறது.

கடற்கரை ஊர்களில் இன்னொன்றும் சேர்கிறது. காற்றில் வரும் உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்து வைக்கும், தண்ணீரின் மின்கடத்தும் தன்மையைக் கூட்டும், உலோகத்தின் மேலுள்ள காப்புப் படலத்தையும் உடைக்கும். மழையே பெய்யாத மே மாதத்தில்கூட ராமேசுவரம் சாலையிலோ ஈ.சி.ஆரிலோ தினம் ஓடும் வண்டி துருப்பிடிப்பது இதனால்தான். இதோடு பிரேக்கின் சூடும் சேர்த்தி. ஒவ்வொரு பயணத்திலும் போல்ட் சூடாகி விரிகிறது, நின்றதும் குளிர்ந்து சுருங்குகிறது, குளிரும்போது ஈரக்காற்றை உள்ளே இழுக்கிறது.

போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி இருக்கிறது. இதுவும் துருவா?

அது அலுமினியத்தின் அரிப்பு. எஃகு போல்ட் அலுமினிய உடம்பில் முறுக்கப்பட்டிருந்து நடுவே உப்புத் தண்ணீரும் இருந்தால், அது ஒரு சின்ன பேட்டரி. அதில் பலியாவது எஃகு அல்ல, அலுமினியம். போல்ட்டைப் பார்த்தால் நன்றாகவே இருக்கும். துளையின் மரைதான் பொடிந்துகொண்டிருக்கும். பலம் கொடுத்துத் திருகினால் போல்ட் அந்த மரையையும் சுருள் சுருளாகப் பிடுங்கிக்கொண்டு வெளியே வரும்.

அலுமினிய நக்கிள் உள்ள கார்களிலும், பைக்கின் முன் ஃபோர்க்கிலும் இதைக் கவனிக்க வேண்டும். வெள்ளைப் பொடியைப் பார்த்தால் அவசரப்பட்டுத் திருகாதீர்கள்.

சரி, எதற்கு எதைப் பூச வேண்டும்?

பிராக்கெட் போல்ட்: கம்பி பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து, பிரேக் கிளீனர் அடித்து, நன்றாகக் காய விட வேண்டும். துளையின் மரையையும் அப்படியே சுத்தம் செய்ய வேண்டும். வண்டியின் சர்வீஸ் கையேடு மரைப்பசை போடச் சொன்னால் நடுத்தர வலு உள்ள நீல நிறப் பசை போதும் (லாக்டைட் 243 அந்த வகை). போல்ட் கழன்றுவிடாமல் பிடிப்பதற்குத்தான் பசை என்று பலர் நினைக்கிறார்கள். அது மரையின் இடைவெளியை நிரப்பி இறுகுவதால் தண்ணீருக்கும் உள்ளே இடமில்லாமல் போகிறது. பசை போட்டு மாட்டிய போல்ட்டை மூன்று வருடம் கழித்துக் கழற்றினால் மரை பளபளவென்று வருவதை நானே பார்த்திருக்கிறேன். சிவப்பு நிறப் பசை வேண்டாம். அதைக் கழற்ற நெருப்பு காட்ட வேண்டியிருக்கும், பக்கத்தில் ரப்பரும் பிரேக் ஆயிலும் இருக்கின்றன.

சில கம்பெனிகள் மரையிலேயே பசை தடவிய போல்ட்டைத் தருகின்றன. அவற்றை ஒரு முறை கழற்றினால் புதிதாக மாற்ற வேண்டும் என்று கையேட்டில் எழுதியிருக்கும். ஒரு பிரேக்குக்கு இரண்டு போல்ட். அந்தச் செலவைப் பார்க்காதீர்கள்.

வழுக்கும் பின்: சிலிக்கான் கிரீஸ் அல்லது பிரேக் பின்னுக்கென்றே விற்கும் செயற்கை கிரீஸ். வேறு எதுவும் கூடாது.

பின்னோடு சேரும் சின்ன போல்ட்: சுத்தமாக, காய்ந்த நிலையில், கையேடு சொன்ன அளவுக்கு முறுக்கினால் போதும்.

இன்னொரு விஷயத்தைப் பட்டறைகளில் யாரும் செய்து நான் பார்த்ததில்லை, ஆனால் இதுதான் எனக்கு அதிகம் கைகொடுத்தது. பிராக்கெட் போல்ட்டின் நுனி பல கார்களில் நக்கிளைத் தாண்டி மறுபக்கம் இரண்டு மூன்று மரை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மழையும் சேறும் நேராக அடிப்பது அந்த நுனியில்தான். கழற்றும்போது துருப்பிடித்த அந்த நுனி நல்ல மரைக்குள் முழு நீளமும் இழுபட்டு வந்தாக வேண்டும். பாதி வழியில் சிக்கிக்கொள்வது அதனால்தான். போல்ட்டை முறுக்கி முடித்த பிறகு நீட்டிக்கொண்டிருக்கும் நுனியிலும் போல்ட் தலையைச் சுற்றியும் மெழுகு வகைத் துருக்காப்பைப் பிரஷ்ஷால் தடவிவிடுங்கள். ஸ்பிரே வேண்டாம், டிஸ்கில் படும். முறுக்கிய பிறகு தடவுவதால் முறுக்கத்தின் கணக்கும் கெடாது.

ஆன்டி சீஸ் என்று ஒரு செம்பு நிற மசி விற்கிறார்களே, எல்லா மரையிலும் அதைப் போட்டுவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே?

இறுகாது என்பது உண்மை. ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது.

போல்ட்டை முறுக்க நாம் செலவிடும் விசையில் ஏறக்குறைய பாதி, தலைக்கு அடியில் உள்ள உராய்விலேயே போய்விடுகிறது. இன்னொரு நாற்பது சதவீதம் மரையின் உராய்வில் போகிறது. மீதி பத்து சதவீதம் அளவுதான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கிறது. கம்பெனி கொடுக்கும் முறுக்க அளவு இந்த உராய்வையும் சேர்த்துப் போட்ட கணக்கு. காய்ந்த மரைக்கான அளவை, மசி பூசி வழுவழுப்பாக்கிய மரையில் அப்படியே முறுக்கினால் என்ன ஆகும்? உராய்வு குறைந்த அளவு முழுவதும் போல்ட்டை இழுப்பதில் சேரும். கருவியில் அதே எண்தான் தெரியும், ஆனால் போல்ட் தாங்க வேண்டியதைவிட அதிகமாக நீண்டுவிடும். நீண்டு தளர்ந்த போல்ட் பிறகு கழன்றும் போகலாம், அறுந்தும் போகலாம்.

ஆகவே கையேடு போடச் சொன்னால் போடுங்கள். காய்ந்த மரை என்று சொன்னால் காய்ந்த மரையாகவே விடுங்கள். மசி பூசினால் இத்தனை சதவீதம் குறைத்து முறுக்கு என்று ஆளுக்கொரு கணக்கு சொல்வார்கள். பிரேக் போல்ட்டில் அந்த உத்தேசக் கணக்கை நான் ஏற்பதில்லை.

அந்த மசிக்கு உரிய இடங்கள் வேறு இருக்கின்றன. டிஸ்க்குக்கும் ஹப்புக்கும் நடுவே, பேடின் காதுகள் பிராக்கெட்டில் உட்காரும் இடத்தில், மெல்லிய பூச்சாகப் போடலாம். பக்கத்தில் அலுமினியம் இருந்தால் செம்பு கலந்தது வேண்டாம், செராமிக் வகையை வாங்குங்கள். செம்பும் அலுமினியமும் சேர்ந்தால் மேலே சொன்ன அதே பேட்டரி இன்னும் வேகமாக வேலை செய்யும்.

எத்தனை அளவு முறுக்க வேண்டும்?

பொதுவாகப் பெரும்பாலான சின்னக் கார்களில் பின்னோடு சேரும் சின்ன போல்ட்டுக்கு 25 முதல் 35 நியூட்டன் மீட்டர், பிராக்கெட் போல்ட்டுக்கு 80 முதல் 110 நியூட்டன் மீட்டர் வரை இருக்கும். இது ஓர் அளவை மனத்தில் வைத்துக்கொள்ளத்தான். உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள எண்தான் சரி. இந்த இரண்டு எண்களுக்கும் உள்ள தூரத்தைக் கவனியுங்கள். பெரிய போல்ட்டை முறுக்கிய கை வேகத்தில் சின்ன போல்ட்டையும் முறுக்கினால் அதன் கதை அங்கேயே முடிந்தது. முறுக்க அளவைக் காட்டும் டார்க் ரென்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

வீட்டில் வீல் பேரிங் கிரீஸ் இருக்கிறது. பின்னுக்கு அதைப் போட்டால் என்ன?

பின்னைச் சுற்றியுள்ள பூட்டும், சில பின்களின் நுனியில் உள்ள ரப்பர் உறையும் பெரும்பாலும் இ.பி.டி.எம். ரப்பரால் ஆனவை. பிரேக் ஆயிலுக்கு அந்த ரப்பர் அசையாது. பெட்ரோலியத்தில் இருந்து வரும் எண்ணெயும் கிரீஸும் பட்டால் ஊறி உப்பிவிடும். போட்ட அன்று பின் அருமையாக வழுக்கும். சில மாதத்தில் உறை உப்பித் துளையை அடைத்து, பின் நகரவே நகராது. துருவே இல்லாமல் இறுகிய கேலிப்பர் இது. மண்ணெண்ணெய், டீசல், என்ஜின் ஆயில், வாசலின் எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். மண்ணெண்ணெயில் பூட்டைக் கழுவுகிற பழக்கமும் இருக்கிறது, அதுவும் வேண்டாம். கழுவ பிரேக் கிளீனர், இல்லையென்றால் சோப்புத் தண்ணீர், பிறகு முழுக்கக் காய வைத்தல்.

பின்னைச் சுத்தம் செய்வதை ஒருமுறை முறையாகச் சொல்லுங்களேன்.

வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஜாக்கில் தூக்கி, அடியில் ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான் சக்கரத்தைக் கழற்ற வேண்டும். ஜாக்கை மட்டும் நம்பிக் கையை உள்ளே விடாதீர்கள்.

சின்ன போல்ட்டைக் கழற்றும்போது பின்னும் சேர்ந்து சுற்றும். மெல்லிய ஓப்பன் ஸ்பேனரால் பின்னின் தட்டையான பகுதியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடிக்காவிட்டால் பூட் முறுக்கிக் கிழியும். கிழிந்த பூட் வழியே தண்ணீர் போனால் அடுத்த மழைக்குள் பின்னில் துரு. கழற்றிய கேலிப்பரைப் பிரேக் ஹோஸில் தொங்கவிடாதீர்கள், ஒரு கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டிவிடுங்கள்.

இரண்டு பின்களையும் உருவி, எது மேல், எது கீழ் என்று குறித்துக்கொள்ளுங்கள். பல கார்களில் ஒன்று மட்டும் ரப்பர் உறையோடு இருக்கும், இடம் மாறக் கூடாது. பழைய கிரீஸை முழுக்கத் துடைத்து, துளையையும் மெல்லிய பிரஷ்ஷால் சுத்தம் செய்யுங்கள். பின்னின் மேல் லேசான துருக்கறை இருந்தால் நைலான் தேய்ப்பானால் போக்கலாம். விரல் நகம் மாட்டுமளவுக்குக் குழி விழுந்திருந்தால் புதிய பின்தான். உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கினால் மேல்பூச்சு போய் இன்னும் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

கிரீஸ் மெல்லிய படலமாகப் போதும். அப்பிவைத்தால் துளையின் அடியில் காற்றும் கிரீஸும் அடைபட்டு, உள்ளே தள்ளிய பின் தானாக வெளியே வரும். சரியாகப் பூசிய பின்னை இரண்டு விரலால் உள்ளே தள்ளினால் போகும், இழுத்தால் வரும். பூட்டின் விளிம்பு பின்னில் உள்ள பள்ளத்தில் சுற்றிலும் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இந்த ஒரு தடவலுக்கு ஐந்து வினாடி ஆகும்.

கழற்றாமலே பின் இறுகிவிட்டது என்று தெரிந்துகொள்ள வழி உண்டா?

உண்டு. நெடுஞ்சாலையில் அதிகம் பிரேக் தொடாமல் ஓட்டி வந்து நிறுத்தி, சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோங்கள் (டிஸ்கைத் தொட வேண்டாம்). ஒரு சக்கரம் மட்டும் அனலடித்தால் சந்தேகப்படலாம். கருகிய வாடை, காரணமில்லாமல் மைலேஜ் குறைவது, பிரேக் போட்டால் ஒரு பக்கம் இழுப்பது ஆகியவையும் அடையாளங்கள். பேடைக் கழற்றிப் பார்த்தால் உறுதியாகிவிடும்: பின் சிக்கியிருந்தால் பெரும்பாலும் உள்பக்கப் பேடு வெளிப்பக்கத்தைவிட வெகுவாகத் தேய்ந்திருக்கும். அந்த நிலையில் பேடை மட்டும் மாற்றிக் கொடுத்தால் புதுப் பேடும் அதே கதிக்கு ஆளாகும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்?

பேடு மாற்றும் ஒவ்வொரு முறையும். அது போக, கடற்கரை மாவட்டங்களில் வருடத்துக்கு ஒரு முறை. நான் பொங்கல் முடிந்த வாரத்தில் செய்கிறேன். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடிந்துவிடுகிறது. மழைக்காலத்தின் ஈரம் துருவாக முற்றுவதற்குள் ஜனவரியில் திறந்து பார்த்துவிட்டால், கோடையில் உட்காரும் உப்பைச் சுத்தமான மரை தாங்கிக்கொள்ளும். கோயம்புத்தூர், சேலம் பக்கம் இருப்பவர்களுக்கு இவ்வளவு அவசரம் தேவையில்லை.

வாட்டர் வாஷ் முடித்த வண்டியை அப்படியே கொட்டகையில் நிறுத்தாதீர்கள். இரண்டு கிலோமீட்டர் ஓட்டி, நாலைந்து முறை பிரேக் போட்டுவிட்டு நிறுத்துங்கள். அந்தச் சூட்டில் ஈரம் போய்விடும்.

ஏற்கனவே இறுகிவிட்டது. இப்போது என்ன செய்வது?

முதலில், எந்தப் பக்கம் திருகுகிறீர்கள் என்று பாருங்கள். கேலிப்பர் போல்ட்டுகளின் தலை பெரும்பாலும் வண்டியின் உள்பக்கம் பார்த்திருக்கும், நாமோ வெளியே இருந்து எட்டிப் பார்த்துத் திருகுகிறோம். இடம் வலம் மாறித் தெரியும். இறுக்குகிற பக்கமே பலம் கொடுத்து போல்ட்டை அறுத்தவர்கள் இருக்கிறார்கள். போல்ட் தலையை நேருக்கு நேர் பார்ப்பதாக மனத்தில் நிறுத்தி, கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கம் திருகுங்கள்.

அடுத்து, வெளியே தெரியும் மரையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுங்கள். பேடையும் டிஸ்கையும் துணியாலோ பாலித்தீனாலோ மூடிவிட்டு, துருவிளக்கி எண்ணெயை இரண்டு பக்கமும் விட்டு ஓரிரவு ஊற விடுங்கள். இதற்கென்றே செய்த ஊடுருவும் எண்ணெய் நல்லது. எல்லார் வீட்டிலும் இருக்கும் டபிள்யூ.டி.-40, 1953இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் தண்ணீரை விரட்டித் துருவைத் தடுக்க உருவானது. பெயரின் பொருளே ‘நீர் விரட்டி, 40ஆம் கலவை’ என்பதுதான். லேசான துருவுக்கு அது போதும், முற்றிய மரைக்குப் போதாது. எண்ணெய் பேடில் பட்டுவிட்டால் அந்தப் பேடைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். துடைத்தாலும் அது உள்ளே ஊறியிருக்கும்.

மறுநாள், உள்ளே ஆறு மூலை உள்ள பாக்ஸ் ஸ்பேனரைத் தலையில் முழு ஆழத்துக்கு உட்கார வையுங்கள். பன்னிரண்டு மூலை உள்ளது வேண்டாம், ஓப்பன் ஸ்பேனர் வேண்டவே வேண்டாம். இரண்டும் துருவேறிய தலையை வழுக்கிவிடும். போல்ட் தலையில் சுத்தியலால் சின்னச் சின்னதாகப் பத்து முறை தட்டுங்கள். மரைக்குள் இருக்கும் துரு அதிர்ந்து பிளக்கும், எண்ணெய் இறங்கும். பிறகு நீளமான கைப்பிடியால் ஒரே சீராக இழுங்கள். சற்று அசைந்ததும் மகிழ்ச்சியில் தொடர்ந்து சுற்றிவிடாதீர்கள். கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே, மறுபடி எண்ணெய் என்று பொறுமையாக எடுக்க வேண்டும்.

என் முதல் காரில் நான் இந்தப் பொறுமை இல்லாமல், ஸ்பேனரில் நான்கடி இரும்புக் குழாயைச் செருகி ஒரே இழுப்பாக இழுத்தேன். பின்னோடு சேரும் சின்ன போல்ட்டின் தலை தெறித்து விழுந்தது. பத்து மில்லிமீட்டருக்கும் குறைந்த தடிமனுள்ள போல்ட்டுக்கு அது தேவையே இல்லாத பலம்.

நெருப்பு கடைசி வழி. பூட், ஹோஸ், பிரேக் ஆயில் எல்லாம் நாலு விரல்கடைக்குள் இருப்பதால் வீட்டில் செய்ய வேண்டாம். காந்தச் சுருளால் சூடாக்கும் கருவி வைத்திருக்கும் பட்டறை கிடைத்தால் அங்கே போங்கள். அதிலும் ஓர் எச்சரிக்கை: குளோரின் கலந்த பிரேக் கிளீனர் அடித்த இடத்தில் நெருப்பு காட்டினால் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயு உண்டாகும். உயிருக்கே ஆபத்து. டப்பாவின் மேல் என்ன கலந்திருக்கிறது என்று படித்துவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

தலை மழுங்கிவிட்டது, அல்லது போல்ட் உள்ளேயே அறுந்துவிட்டது. நக்கிளையே மாற்ற வேண்டுமா?

அவசியமில்லை. தலை மழுங்கினால், உள்ளே சுருள் பல் உள்ள பிடிபாக்ஸை அடித்து ஏற்றி எடுக்கலாம். அறுந்து உள்ளே நின்றுவிட்டால் அதன்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டு செய்து, அந்தச் சூடு ஆறுவதற்குள் திருகி எடுப்பது நம் ஊர் லேத் பட்டறைக்காரர்கள் கைவந்த வேலை. கழற்றிய பாகத்தில் செய்ய வேண்டும், வண்டியில் வைத்தே வேண்டாம். துளையின் மரை போயிருந்தால் எஃகு மரைச்சுருள் பொருத்தலாம், சரியான ஆளிடம் செய்தால் அது பழைய மரையைவிட உறுதியாகவே நிற்கும். துளையைப் பெரிதாக்கி அடுத்த அளவு போல்ட் போடுகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

துருவே பிடிக்காத ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டுவிட்டால்?

நிறைய பேர் கேட்கும் கேள்வி. பிரேக்கில் போடக் கூடாது. போல்ட் தலையில் 10.9 என்று பொறித்திருந்தால் அதன் இழுவிசைத் தாங்குதிறன் சுமார் 1000 மெகாபாஸ்கல். 8.8 என்றால் 800. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்கு 700தான். மேலும் ஸ்டெயின்லெஸ் மரை ஸ்டெயின்லெஸ் மரையோடு உரசினால் துரு இல்லாமலே ஒட்டிக்கொள்ளும். அலுமினியத்தில் போட்டால் அலுமினிய அரிப்பு கூடும். கம்பெனி போல்ட்டையே, அதன் சாம்பல் நிறத் துத்தநாகப் பூச்சோடு வாங்கிப் போடுங்கள். அந்தப் பூச்சு தன்னை இழந்து போல்ட்டைக் காக்கிறது. பூச்சு முழுக்கப் போய்ச் செம்பழுப்பாகிவிட்ட போல்ட்டை மறுபடி மாட்டாதீர்கள்.

துருப்பிடித்த போல்ட்டை வினிகரிலோ ஆசிடிலோ ஊற வைத்தால் புதிதுபோல் ஆகிவிடுகிறதே?

பார்வைக்கு ஆகும். அமிலம் துருவைக் கரைத்துவிட்டு எஃகோடு வினைபுரியும்போது வரும் ஹைட்ரஜன் எஃகுக்குள் நுழைந்து அதை நொறுங்கும் தன்மைக்குத் தள்ளும். மென்மையான எஃகில் இது பெரிய விஷயமில்லை. 10.9, 12.9 போன்ற கடின போல்ட்டுகளில் ஆபத்து. முறுக்கி வைத்த போல்ட் நாள் கழித்து, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் உடையலாம்.

வெள்ளத்தில் வண்டி மூழ்கிவிட்டது. பிரேக்குக்கு என்ன செய்வது?

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னைக்காரர்கள் பட்டதை, அதே 2023 டிசம்பரில் நாங்கள் தெற்கே பட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை. தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் என்ஜினைத்தான் பார்த்தார்கள், நியாயம்தான். ஆனால் சேற்றுத் தண்ணீரில் கிடந்த கேலிப்பரின் பூட்டுக்குள் கரம்பை மண் புகுந்திருக்கும். நல்ல தண்ணீரால் கழுவி, முடிந்தால் அந்த வாரத்திலேயே நான்கு சக்கரத்தையும் திறந்து பின்களை உருவித் துடைத்து, புதிய கிரீஸ் போடுங்கள். பிரேக் ஆயிலையும் மாற்றிவிடுங்கள். நிறுத்தி வைத்த வண்டியில் ஹேண்ட்பிரேக்கைப் போட்டே வைக்காதீர்கள், கியரில் விட்டுக் கட்டை கொடுங்கள்.

பைக்குக்கும் இதே முறைதானா?

அடிப்படை ஒன்றுதான். பைக்கில் அதிகம் இறுகுவது பேடு பின். பேடுகளைத் தாங்கும் அந்த ஒற்றைக் கம்பியின் தலையில் ஆலன் குழி இருக்கும், குழிக்குள் சேறு அடைந்திருக்கும். சேற்றைக் குத்தி எடுக்காமல் ஆலன் கீயை வைத்தால் குழி வட்டமாகிவிடும். ஊசியால் சுரண்டி, கீயை ஆழம்வரை இறக்கிய பிறகே திருகுங்கள். கேலிப்பரை ஃபோர்க்கிலிருந்து கழற்றுவதற்கு முன்பே பேடு பின்னைச் சற்றுத் தளர்த்திக்கொள்வது எளிது. சில கேலிப்பர்களில் இந்தத் தலைக்கு ஒரு சின்ன திருகு மூடி இருக்கும். தொலைந்திருந்தால் வாங்கிப் போடுங்கள், அது அழகுக்கு வைத்ததல்ல.

மின்சாரக் காரில் பிரேக் அதிகம் தேயாதாமே, பராமரிப்பும் குறைவுதானே?

பேடு குறைவாகத் தேயும். மோட்டாரே வேகத்தைக் குறைத்துவிடுவதால் கேலிப்பருக்கு வேலை குறைவு. வேலை குறைவு என்றால் சூடும் குறைவு, அசைவும் குறைவு, ஆகவே ஈரம் தங்கும். பேடு மாற்ற யாரும் சக்கரத்தைத் திறக்காமலே வருடங்கள் போகும். பேடு தேயாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை பின்னைப் பாருங்கள்.

கனடாவில் இருக்கிறோம். இங்கே பனிக்காலத்தில் சாலையில் உப்பு போடுகிறார்கள். வருடத்துக்கு ஒரு முறை போதுமா?

போதாது. நமக்குக் காற்றில் வரும் உப்பு உங்களுக்குச் சக்கரத்தின் மேலேயே வாரி இறைக்கப்படுகிறது. கல்லுப்போடு கால்சியம் குளோரைடு கரைசலும் தெளிக்கும் இடங்கள் உண்டு. அது காற்றின் ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்வதால் போல்ட் காயவே காயாது. நீங்கள் எப்படியும் குளிர்காலத்துக்கு ஒரு முறையும் கோடைக்கு ஒரு முறையும் டயர் மாற்றுகிறீர்கள். சக்கரம் கழன்றிருக்கும் அந்த இரண்டு நாளிலும் பின்னை உருவிப் பார்க்கச் சொல்லுங்கள். பேடு உட்காரும் தகட்டுக்கு அடியில் பிராக்கெட்டில் துரு ஏறித் தகட்டையே தூக்கிவிடும், அதையும் சுரண்ட வேண்டும். பனி ஓய்ந்ததும் சக்கரத்தின் உள்பக்கத்தை நன்றாகக் கழுவிவிடுங்கள்.

நான் எதையும் கழற்றப் போவதில்லை, பட்டறையில்தான் விடுவேன். அங்கே என்ன கேட்க வேண்டும்?

பேடு மாற்றக் கொடுக்கும்போதே “அண்ணே, பின்னை உருவித் துடைச்சு சிலிக்கான் கிரீஸ் போட்டுருங்க, பூட் கிழிஞ்சிருந்தா சொல்லுங்க” என்று சொல்லிவிடுங்கள். போல்ட்டை இம்பாக்ட் கன்னால் கழற்றட்டும், ஆனால் மாட்டும்போது கையால் நாலைந்து சுற்று ஏற்றிவிட்டு டார்க் ரென்ச்சால் முடிக்கச் சொல்லுங்கள். கன்னாலேயே ஏற்றினால் மரை குறுக்கே ஏறிவிடும். அவரிடம் சிலிக்கான் கிரீஸ் இல்லையென்றால் ஒரு சின்ன டியூப் வாங்கி உங்கள் கையோடு கொண்டுபோங்கள். அது நாலைந்து பேடு மாற்றத்துக்குத் தாராளமாக வரும்.